பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறது, யாரிடம் கேட்பது?

மருத்துவக் காப்பீடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வேலூரில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சத்துவாச்சாரியில் வசிக்கும் நம் பகுதியாசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: நானும் கணவரும் காட்பாடி காந்தி நகரில் இருக்கிறோம். எனக்கு 63 வயது, அவருக்கு 66. தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன், பென்ஷன் கிடையாது. இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஃப்ளோட்டர் பாலிசி வைத்திருக்கிறோம். போன வருடம் 40,120 ரூபாய் கட்டினோம். ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள், இனி குறையும் என்றார் ஏஜென்ட். இந்த வருட ரினியூவல் நோட்டீஸில் 41,480 ரூபாய் என்று வந்திருக்கிறது. இதுவரை ஒரு கிளெய்ம்கூட வாங்கியதில்லை. வேலூர் எம்.பி.க்கு எழுதலாம் என்கிறார் கணவர். எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம் என்கிறான் மகன். எழுதினால் ஏதாவது நடக்குமா?

பதில்: நடக்கும் அம்மா, அவசியம் எழுதுங்கள். முதலில் யாருக்கு என்பதைச் சரிசெய்துகொள்வோம். காட்பாடி வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, காந்தி நகர் வேலூர் மாநகராட்சியில்தான் வருகிறது. ஆனாலும் உங்களுக்கு அரக்கோணம் எம்.பி.தான். காட்பாடி சட்டமன்றத் தொகுதி ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர், திருத்தணி ஆகியவற்றோடு அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்குத்தான் வேலூர் எம்.பி. ஜோலார்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் திருவண்ணாமலை எம்.பி.க்கு எழுத வேண்டும். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மக்களவைத் தொகுதிகளின் எல்லை மாறவில்லை, அதனால்தான் இத்தனை குழப்பம். தொகுதி மாறிப் போன மனுவுக்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

எம்.எல்.ஏ.வை விட எம்.பி. ஏன் என்றால், அரசமைப்புச் சட்டத்தில் காப்பீடு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. பிரீமியத்தைக் கண்காணிக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஹைதராபாத்தில் இருக்கிறது. அதற்கு மேலே டெல்லியில் நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை. இந்த இரண்டு இடத்திலும் உங்கள் சார்பில் கேள்வி கேட்கக்கூடியவர் எம்.பி.தான்.

இப்போது நோட்டீஸைப் பார்ப்போம். 1,360 ரூபாய்தானே கூடியிருக்கிறது என்று இதை விட்டுவிடக் கூடாது. போன வருடம் நீங்கள் கட்டிய 40,120 ரூபாயில் 6,120 ரூபாய் ஜி.எஸ்.டி. கம்பெனிக்குப் போன பிரீமியம் 34,000 மட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத வரி முழுவதுமாக நீங்கிவிட்டது. எனவே இந்த வருடம் கேட்கிற 41,480 முழுக்க முழுக்க பிரீமியம். 34,000 எங்கே, 41,480 எங்கே? 22 சதவீத ஏற்றம். அரசு விட்டுக்கொடுத்த வரியை உங்கள் கையில் சேராமல் இந்த ஏற்றம் விழுங்கிவிட்டது. எம்.பி.க்கு எழுதும் கடிதத்தின் உயிரே இந்தக் கணக்குதான்.

இன்னொன்றும் உங்கள் பக்கம் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் கம்பெனி முன்கூட்டியே தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ம் தேதி ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டது. நீங்கள் இருவருமே 60 தாண்டியவர்கள். 10 சதவீதம் என்றால் 37,400-ல் நின்றிருக்க வேண்டும். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஏற்றம் எங்கள் வயதுப் பிரிவு மாறியதால் வந்ததா, கட்டண விகிதத்தையே மாற்றியதால் வந்ததா? விகிதத்தை மாற்றியதென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்துகொண்டீர்களா? எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டாலோ, வந்தது மழுப்பலாக இருந்தாலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அந்தப் புகார் எண்ணையும் எம்.பி. கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

இதற்கிடையில் கோபத்தில் பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் கவுன்டரில் இருந்த காலத்தில் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார். தோல் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவர். வருடா வருடம் தேதி தவறாமல் கட்டியவர், ஒரு வருடம் தொகை கைமீறிப் போனதும் வரவில்லை. அப்புறம் மாரடைப்பு வந்து, மருமகளின் நகையை அடகு வைத்து வைத்தியம் பார்த்ததாக அவர் மகன் வந்து சொன்னார். அத்தனை வருடம் கட்டியவருக்கு வேண்டிய நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது. இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன், இன்றும் மனசு ஆறவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கட்டும் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். கட்டிவிட்டதால் கேட்கும் உரிமை போய்விடாது.

எழுதினால் நடக்குமா என்று கேட்டீர்கள். இந்த ஜி.எஸ்.டி. போன கதையையே சொல்கிறேன். நாக்பூர் கோட்டத்து எல்.ஐ.சி. ஊழியர் சங்கம் தங்கள் தொகுதி எம்.பி.யான மத்திய அமைச்சர் நிதின் கட்கரியிடம் ஒரு மனு கொடுத்தது. ஆயுள், மருத்துவக் காப்பீட்டின் மீதுள்ள வரியை எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அவர் 2024 ஜூலை 28 அன்று நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு அதைக் கடிதமாக எழுதினார். கடிதம் வெளியே வந்தது. ஆகஸ்டில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் இதற்காகப் போராட்டமே நடத்தினார்கள். செப்டம்பரில், மத்திய, மாநில அமைச்சர்கள் கூடி இந்த வரியை முடிவுசெய்யும் ஜி.எஸ்.டி. கவுன்சில், அமைச்சர்கள் குழு ஒன்றை அமைத்தது. 2025 செப்டம்பர் 3-ம் தேதி வரியை நீக்க முடிவானது. நாடாளுமன்ற நிதி நிலைக்குழு அந்த மனுவுக்கு முன்பே, 2024 பிப்ரவரியில், வரியைக் குறைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தது உண்மை. ஆனாலும் விஷயம் நாடு முழுக்கப் பேச்சானது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான். ஒரு கோட்டத்துச் சங்கத்தின் மனு அது. நம் ஊரிலிருந்து போகும் மனுவுக்கும் அதே மதிப்பு உண்டு.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். முதல் வரியில் உங்கள் சட்டமன்றத் தொகுதியையும் வாக்காளர் என்பதையும் சொல்லுங்கள். அடுத்து 34,000, 41,480, 22 சதவீதம். அதற்கடுத்து ஒரே ஒரு கோரிக்கை. என்னைக் கேட்டால் இப்படி எழுதுவேன்: "மூத்த குடிமக்களின் பிரீமியத்தை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற எத்தனை கம்பெனிகள் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யை அணுகின, எத்தனை கோரிக்கைகள் ஏற்கப்பட்டன என்று நிதி அமைச்சரிடம் மக்களவையில் கேள்வி கேட்க வேண்டுகிறேன்." பிரீமியத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று பொதுவாக எழுதினால் எம்.பி. அலுவலகம் அதை வைத்து என்ன செய்வது? இப்படி எழுதினால் உதவியாளர் அப்படியே கேள்வி நோட்டீஸாக மாற்றிவிடலாம். எழுத்துமூலக் கேள்விக்கு அமைச்சர் தரும் பதில் அவைப் பதிவில் ஏறும், நாம் எல்லோரும் படிக்கலாம். பொது விஷயம் ஒன்றை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் மக்களவை விதி 377-ன் கீழும் எம்.பி. இதை எழுப்பலாம். அவர் நேராக அமைச்சருக்கு எழுதினாலும் நல்லதுதான். எம்.பி. எழுதும் கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகையும், அடுத்த 15 நாளில் பதிலும் தர வேண்டும் என்பது மத்திய அரசு அலுவலகங்களுக்கு உள்ள நடைமுறை. நீங்களும் நானும் தனியாக எழுதும் கடிதத்துக்கு இந்தக் கெடு இல்லை.

இரண்டு வருட நோட்டீஸையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்து விடுங்கள், பாலிசி எண்ணை மட்டும் மையால் அடித்துவிட்டு. தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள். டெல்லி விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்ட் போதும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் எம்.எல்.ஏ.விடம் கேட்க ஒன்றுமே இல்லையா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: நிறைய இருக்கிறது ஐயா. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் வருகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. இன்று குடியாத்தத்தில் தறி ஓட்டும் குடும்பத்தில் இரண்டு பேர் வேலைக்குப் போனாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அவர்களால் தனியார் பாலிசியும் எடுக்க முடியாது. இந்த வரம்பை உயர்த்தச் சொல்லிச் சட்டமன்றத்தில் பேசும்படி உங்கள் எம்.எல்.ஏ.வைக் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்திலும் அவருக்கு வேலை இருக்கிறது. கவுன்சில் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு எடை மாநிலங்களுடையது. அங்கே நமக்காக உட்காருகிறவர் மாநில அமைச்சர். அவரிடம் போய்ச் சேர எம்.எல்.ஏ.தான் வழி.

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் குரூப் பாலிசியில் இன்னும் ஜி.எஸ்.டி. பிடிக்கிறார்களே, இது சரியா?

பதில்: சட்டப்படி சரி, நியாயப்படி எனக்கு ஒப்பவில்லை. 2025 செப்டம்பர் முடிவு தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு மட்டுமே, குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. பெற்றோரைச் சேர்த்துச் சம்பளத்திலிருந்து பணம் கொடுக்கும் தொழிலாளிக்கு ஏன் இந்தப் பாகுபாடு? வேலூர் எம்.பி.க்கு உங்கள் தொழிற்சங்கம் கொடுக்க வேண்டிய மனு இது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் இந்தப் பாலிசியை நம்பியிருப்போர் எண்ணிக்கையைக் கம்பெனி வாரியாகச் சங்கமே திரட்டிக் கொடுத்தால் மனுவுக்குப் பலம் கூடும்.

ஒரு தகவல், ஓய்வை நெருங்கும் உங்கள் கூட்டாளிகளுக்காக. குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும். தோல் தொழிலில் இருந்த பலருக்கு இது தெரிவதே இல்லை, தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வாலாஜாபேட்டை மூத்த குடிமக்கள் சங்கத்தில் ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றிருக்கிறோம். சரிதானா?

பதில்: செய்யுங்கள், ஆனால் கையெழுத்துப் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வயது, போன வருட பிரீமியம், இந்த வருட பிரீமியம் மூன்றையும் எழுதுங்கள். வரியைக் கழித்துவிட்டு எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றம் குறைவாகத் தெரியும். மக்களவையில் முறைப்படி மனுவாகத் தாக்கல் செய்ய விரும்பினால் அதில் ஒரு எம்.பி.யின் மேலொப்பம், அதாவது உங்கள் கையெழுத்துகளோடு அவர் கையெழுத்தும், வேண்டும். உங்களுக்கு அது அரக்கோணம் எம்.பி.தான். கூட்டத்தொடருக்குப் போதிய நாள் முன்பே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் கேள்வி நோட்டீஸுக்கே முழுதாக 15 நாள் தேவை. மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலையில் தொடங்கும், குளிர்காலத் தொடர் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ வரும். பட்டியலின் பிரதி ஒன்றை இந்தப் பகுதிக்கும் அனுப்பி வையுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் வெளியிடுகிறேன், மற்ற ஊர்ச் சங்கங்களும் அதே மாதிரி தயாரிக்கட்டும்.