ஸ்டூடியோ ஆர்ட், கிராஃபிக் டிசைன்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமெரிக்காவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில், அதாவது பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கும் கல்லூரியில், ஸ்டூடியோ ஆர்ட் படித்தவள் நான். இப்போது டிசைன் வேலை. பாடம், கல்லூரி, வேலை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் நான் விசா வக்கீல் இல்லை.

அக்கா, லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் மேஜர் (முதன்மைப் பாடம்) உண்டா? (ப்ளஸ் டூ மாணவி, மதுரை)

பல இடங்களில் அந்தப் பெயரில் இருக்காதும்மா. ஸ்டூடியோ ஆர்ட் என்றுதான் இருக்கும். ஓவியம், சிற்பம், அச்சு, புகைப்படம் எல்லாவற்றுக்கும் நடுவே டிசைன் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். கிடைக்கும் பட்டம் பி.ஏ. கலைக் கல்லூரிகள் தருவது பி.எஃப்.ஏ., அதாவது நுண்கலை இளங்கலைப் பட்டம். கலைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் நாஸாட் அமைப்பின் கணக்கில், பி.எஃப்.ஏ. படிப்பில் குறைந்தது 65 சதவீதம் கலையும் டிசைனும் இருக்க வேண்டும். பி.ஏ.வில் 30 முதல் 45 சதவீதம். மிச்ச நேரத்தில் உயிரியலோ பொருளாதாரமோ படிப்பீர்கள். அது பிடிக்கும் என்றால் மட்டும் வாருங்கள்.

கல்லூரி இணையதளத்தில் புல்வெளியில் சிரிக்கும் முகங்களைப் பார்த்து மயங்காதீர்கள். பாடப் பட்டியலைத் திறந்து, டைபோகிராஃபி (எழுத்துகளைத் தேர்ந்து அமைக்கும் கலை) என்று எத்தனை பாடம் இருக்கிறது, வருஷா வருஷம் நடக்கிறதா என்று எண்ணுங்கள். என் கல்லூரியில் இருந்தது ஒன்றே ஒன்று. அதை நடத்தியவர் நீண்ட விடுப்பில் போனார். நான் அதைப் படிக்காமலே பட்டம் வாங்கிவிட்டேன்.

எனக்கு வரையவே வராது. சேரலாமா?

சேரலாம். முதல் பாடமே டிராயிங்தான்.

மகள் முதல் வருஷம். கலர் பேப்பரை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இதற்கா இவ்வளவு ஃபீஸ்? ஃபோட்டோஷாப் எப்போது சொல்லித் தருவார்கள்? (ஒரு அப்பா, நியூஜெர்சி)

சார், அந்தப் பேப்பருக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற டிசைன் பள்ளி 1933இல் மூடப்பட்டதும், அங்கே ஆசிரியராக இருந்த ஜோசஃப் ஆல்பர்ஸ் அமெரிக்கா வந்து, வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெயிண்ட் கலக்கினால் கலக்குவதிலேயே நேரம் போய்விடும் என்று, கலர் காகிதத்தை வெட்ட வைத்தார். ஒரே பழுப்புக் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சள் மேலும் இன்னொன்றை அடர்நீலத்தின் மேலும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்று சத்தியம் செய்தாலும் உங்கள் கண் நம்பாது. இது புரியாமல் ஃபோட்டோஷாப்பில் நிறம் தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்குதான்.

எனக்கு அப்படி வாய்த்தது கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்த பழைய வேண்டர்குக் அச்சு இயந்திரம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக அச்சுக் கோக்க வேண்டும். திரையில் லெடிங் என்று வெறும் எண்ணாகத் தெரிவது, அங்கே இரண்டு வரிக்கு நடுவில் செருகும் ஈயப் பட்டை. அந்தப் பெயரே ஈயத்துக்கான ஆங்கிலச் சொல்லான லெட் என்பதிலிருந்து வந்ததுதான். ஃபோட்டோஷாப்பை ஒரு லீவில் கற்றுக்கொள்வாள், கவலைப்படாதீர்கள்.

டிசைன் மேஜர் எந்தக் கல்லூரியில் இருக்கிறது?

முதல் பதிலைப் படியுங்கள். டைபோகிராஃபி பாடத்தை எண்ணுங்கள்.

ஸ்டீவ் ஜாப்ஸ் ரீட் கல்லூரியில் எழுத்துக்கலை படித்ததால்தானே மேக் கணினியில் அழகான எழுத்துரு வந்தது?

இந்தக் கேள்வி வராமல் போகுமா! ஜாப்ஸ் அங்கே ஒரு செமஸ்டரில் படிப்பை விட்டவர். அதன் பிறகு ராபர்ட் பலாடினோவின் வகுப்பில் சும்மா உட்கார்ந்து கேட்டார். எனக்கு ஜாப்ஸைவிட முக்கியம், பலாடினோவுக்கு முன்பு அங்கே எழுத்துக்கலையை வளர்த்த லாயிட் ரெனால்ட்ஸ். அவரிடம் படித்தவர்கள்தான் சார்லஸ் பிகிலோவும் கிரிஸ் ஹோம்ஸும். லூசிடா எழுத்துருவைச் செய்த இருவர். ஃபோட்டோஷாப் நிறுவனமான அடோபியின் முதல் டைபோகிராஃபி இயக்குநர் சம்னர் ஸ்டோனும் அவர் மாணவர்தான். இவர்கள் பெயரை யாரும் கேட்பதில்லை.

படிப்பை விட்டவரே ஜெயித்தார் என்றால் பட்டம் எதற்கு? நான் பட்டம் இல்லாமல் யூடியூபில் கற்று எட்டு வருஷமாக டிசைனர். (சென்னை)

எனக்குத் தெரிந்த நல்ல டிசைனர்களிலும் பட்டம் இல்லாதவர்கள் உண்டு, தம்பி. யூடியூபில் கிடைக்காதது கிரிட், அதாவது வகுப்பே சேர்ந்து உங்கள் வேலையை விமர்சிக்கும் கிரிட்டீக். வேலையைச் சுவரில் குத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர்கள் பேசுவார்கள். ஒரு கச்சேரிக்கு நான் செய்த போஸ்டரைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி, "தேதி எங்கே?" என்றாள். தேதி கொட்டை எழுத்தில்தான் இருந்தது. ஆரஞ்சுப் பின்னணியில் சிவப்பு, கரைந்து போயிருந்தது.

அதை என் கிளையன்ட் இலவசமாகச் சொல்வாரே?

சொல்வார், ஆயிரம் பிரதி அச்சான பிறகு. அதற்காகக் கடன் வாங்கிப் படியுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. பல கல்லூரிகளில் ஒரு வருஷச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்துக்குக் கிரிட் மட்டும் வாங்குவது முட்டாள்தனம் என்பதில் நீங்கள் சொல்வது சரி.

உதவித்தொகை?

ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சில கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கும் நீட்-பிளைண்ட் முறை உண்டு. நம்மூர் நீட் இல்லை, பயப்படாதீர்கள். உதவி கேட்பதை வைத்து இடம் மறுக்க மாட்டார்கள் என்று அர்த்தம். அந்த இடங்களில் போட்டி கடுமை.

படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கலாமா?

படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கத் தரும் அனுமதியான ஓபிடி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புக்கு இன்னும் 24 மாதம் கிடைக்கும். ஸ்டூடியோ ஆர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. மற்றதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பி.ஏ., பி.எஃப்.ஏ. இரண்டும் வேண்டும்.

பிரவுன் பல்கலைக்கழகமும் ரிஸ்டி என்கிற ரோட் ஐலண்ட் டிசைன் பள்ளியும் சேர்ந்து 5 வருஷத்தில் இரண்டையும் தருகின்றன. தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

கிராஃபிக் டிசைன் மேஜர் பற்றிச் சொல்லுங்கள் அக்கா.

டைபோகிராஃபி. எண்ணுங்கள்.

யூடியூப் தம்பிதான் மறுபடியும். அந்த போஸ்டர் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, மேஜைக்கு எதிரே. தேதியை இன்னும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.