பிறக்காதவர்களுக்கு நாம் என்ன கடன்?

கேள்வி இதுதான்: "இன்னும் பிறக்காத தலைமுறைக்கு நாம் ஏன் கடமைப்பட வேண்டும்? அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள்?"

ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஆனால் நாமும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். இலங்கை முதன்முதலாக சர்வதேசச் சந்தையில் பிணைமுறி விற்று 50 கோடி டொலர் கடன் வாங்கியது 2007இல். நான் அப்போது உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கடனுக்கு மேல் கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்த காலத்தில், வெள்ளவத்தையில் காஸ் சிலிண்டரை மற்றவர்களுடையதோடு சேர்த்துச் சங்கிலி போட்டுவிட்டு வெயிலில் காத்திருந்தேன். கடன் வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை.

இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமான ஒரு மறுப்பு உண்டு. டெரிக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984இல் விரிவாக எழுதிய புதிர் அது. இன்று நாம் வேறு முடிவெடுத்தால் வேறு ஆட்கள் சந்திப்பார்கள், வேறு ஆட்கள் கல்யாணம் செய்வார்கள், வேறு பிள்ளைகள் பிறப்பார்கள். ஆகவே நூறு வருடம் கழித்து நாசமான பூமியில் வாழப்போகிறவர், "எனக்கு அநியாயம் செய்துவிட்டீர்கள்" என்று நம்மைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் நாசமாக்கியிராவிட்டால் அவர் பிறந்தே இருக்கமாட்டார். (பார்ஃபிட் இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நமக்குக் கடமை இல்லை என்று அவர் நினைக்கவும் இல்லை.)

நானே அந்தப் புதிரின் பிள்ளை. 1983 ஜூலைக் கலவரத்தில் அப்பாவின் கொழும்பு வீடு எரிந்தது. முகாமில் சில நாள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் அம்மாவைக் கண்டார். கலவரம் இல்லையென்றால் நான் இல்லை. பார்ஃபிட்டின் கணக்கை ஒருநாள் அப்பாவிடம் விளக்கினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, உன்னைப் பெத்ததுக்கு வீட்டைக் கொளுத்தினவங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லுறியோ?"

என் பதிலும் அதுதான். அந்தத் தீயால் நான் பிறந்தேன் என்பதற்காகத் தீ வைத்தது சரியாகிவிடாது. செய்தது பிழையா என்பதை, செய்த நேரத்தில் செய்தவனுக்கு என்ன தெரியும் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரியாமலா இருக்கிறது? மீதொட்டமுல்லயில் கொழும்பின் குப்பை மலையாக வளர்வதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அடிவாரத்தில் இருந்த சனம் வருடக்கணக்காக ஆர்ப்பாட்டம் செய்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பிறகு நகரம் கண்டுபிடித்த வழி என்ன? குப்பையைப் புத்தளத்துக்கு, அறுவைக்காட்டுக்கு, அனுப்புவது. புத்தளத்து ஆட்கள் சும்மா இருக்கவில்லை, வீதியில் இறங்கினார்கள், கொழும்புக்கே வந்து கத்தினார்கள். தூரத்து ஊருக்குத் தள்ளினால் அந்த ஊராவது திருப்பிக் கத்தும். 2100க்குத் தள்ளினால் யார் கத்துவது?

அதற்காக, இன்றைக்குப் பசியோடு இருப்பவனை நாளைக்கு வரப்போகிறவனுக்காகப் பட்டினி போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மீதொட்டமுல்ல அடிவாரத்தில் இருந்தவர்கள் ஏழைகள். இன்று யாரை நாம் கணக்கில் எடுப்பதில்லையோ, அந்த ஏழைகளின் பேரப்பிள்ளைகளைத்தான் நாளைக்கும் விட்டுவிடுவோம் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே பழக்கம்.

இவ்வளவும் எழுதுகிற நான் பெரிய யோக்கியன் இல்லை. உக்குவதையும் பொலித்தீனையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிய பையை நேற்றுக் காலை குப்பை லொறிக்காரர் தொடாமல் போய்விட்டார். அது இன்னும் எங்கள் பிளாட் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது.