அம்மோனின் உப்பு

வணக்கம். அமோனியா என்ற பெயர் ஓர் எகிப்தியக் கடவுளிடமிருந்து வந்ததாகப் படித்தேன். கோயில் வாசலில் ஒட்டகங்களைக் கட்டியதால் அங்கே அந்த உப்பு விளைந்ததாம். நம்பலாமா? நம் நவச்சாரமும் அதுவும் ஒன்றுதானா?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடவுள் உண்மை, ஒட்டகம்தான் இடம் மாறிவிட்டது.

எகிப்தின் மேற்குப் பாலையில் சீவா என்றொரு சோலை. அலெக்சாந்தர் கி.மு. 331இல் குறி கேட்கப் போன அம்மோன் கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்த வட்டாரத்து உப்பை ரோமானியர் அம்மோனின் உப்பு என்றார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினியின் வர்ணனையைப் பார்த்தால் அது பெரும்பாலும் வெறும் பாறையுப்புதான். பிற்பாடு அமோனியம் குளோரைடு புழக்கத்துக்கு வந்தபோது பழைய பெயர் அதன்மேல் ஏறிக்கொண்டது. ஒட்டகம் வருவது அதற்கும் அப்புறம்: எகிப்தில் சாண வறட்டி எரித்த புகைக்கரியைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுச் சூடேற்றி, மேலே படியும் உப்பைச் சுரண்டி எடுத்தார்கள். கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த உப்புதான் நம் நவச்சாரம். பாரசீக 'நௌஷாதர்' இங்கே வந்து உருமாறியது என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. 'நவ' இருப்பதால் ஒன்பது உப்பு என்று விளக்குவது சொல்லைப் பார்த்துக் கட்டிய கதை.

1770களில் ஆங்கிலேய வேதியியலாளர் பிரீஸ்ட்லி இந்த உப்பைச் சுண்ணாம்போடு சூடாக்கி வாயுவைப் பிடித்தார். அது தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் தண்ணீருக்குப் பதில் பாதரசத்தின் மேல் பிடித்தார். அவர் வைத்த பெயர் 'காரக் காற்று' (அமிலத்துக்கு எதிரான காரம்). அமோனியா என்றது சுவீடன் வேதியியலாளர் பெர்க்மன், 1782இல்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சிட்டிகை நவச்சாரப் பொடியோடு அதே அளவு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தட்டில் குழையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், கையால் விசிறினாலே நெடி வரும். காய்ந்து கட்டிதட்டிய பழைய சுண்ணாம்பு உதவாது. காற்றுப் பட்டு அது கார்பனேட்டாகியிருக்கும். மஞ்சள் நீரில் நனைத்த தாளை ஒரு விரற்கடை மேலே பிடித்தால் செக்கச் சிவக்கும். தாள் காய்ந்திருந்தால் சிவக்காது. குழைவில் பட்டுவிட்டாலோ சோதனையே கெட்டது: ஆரத்தி சிவப்பதுபோல் சுண்ணாம்பே அதைச் சிவக்க வைத்துவிடும். ஆனால் வாயுவால் வந்த சிவப்பு நிற்காது. தாளைக் காற்றில் வைத்தால் அமோனியா பறந்துபோய் மறுபடி மஞ்சளாகும்.