பஃபலோ தொப்பி

கேள்வி: ரொறொன்ரோவில் இருக்கிற சித்தப்பா ‘பஃபலோ பில்ஸ்’ தொப்பி அனுப்பினார். அந்த அமெரிக்க உதைபந்தாட்ட அணி கிண்ணம் வென்றதுண்டா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: அந்த ஆட்டத்தின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் போலை இன்னும் வென்றதில்லைத் தம்பி. அந்தப் போட்டி தொடங்குமுன் 1964, 1965இல் ஏ.எஃப்.எல். என்ற அந்தக்கால லீக்கின் பட்டம் எடுத்தார்கள், சரி. ஆனால் சித்தப்பாவின் மனதில் இருப்பது வேறு காலமாக இருக்கும். 1990 முதல் 1993 வரை நாலு சீசனும் தொடர்ந்து இறுதிப் போட்டி, நாலிலும் தோல்வி. வேறெந்த அணியும் அப்படித் தொடர்ந்து நாலு தரம் அங்கே போனதில்லை.

முதலாவதுதான் நெஞ்சை அறுக்கும். நியூயோர்க் ஜயன்ற்ஸ் 20, பஃபலோ 19. எட்டு வினாடி மிச்சம், இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் வெற்றி. ஸ்கொட் நோர்வுட் 47 யார் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலப்பக்கக் கம்பத்துக்கு வெளியே போனது. பரந்தனில் மச்சானின் கடை வாங்கிலிருந்து அதைப் போனில் மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன், தேத்தண்ணி ஆறிப்போனது. மறுநாள் பஃபலோவில் திரண்ட சனம் அவரைத் திட்டவில்லை, பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டது. அவர் கண்கலங்கப் பேசினார்.

அப்புறம் 2000 முதல் 17 சீசன் பிளே ஓஃப் என்ற இறுதிச்சுற்றுகள் பக்கமே போகவில்லை, 2017இல்தான் திரும்பினார்கள். சித்தப்பா அடுத்தமுறை எடுக்கும்போது அந்த உதையைப் பற்றிக் கேளுங்கள்.