வடசேரியில் இறங்கினால்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். பெங்களூரில் வேலை. போன வருடம் ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்தேன். அங்கே சின்ன நகரத்தில்கூட நடுவில் ஒரு சதுக்கம், அதை ஒட்டி நகர மன்றம், தேவாலயம், சுற்றிலும் பழைய வீடுகள். ஊருக்குள் நுழைந்ததுமே அதன் வயது தெரிகிறது. திரும்பி வந்து நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பேனர், ஆட்டோ, செல்போன் கடை. இது நாகர்கோவிலா, திண்டுக்கல்லா, சேலமா, எதை வைத்துச் சொல்வது? இந்தியர்களுக்குக் கிராமம்தான் தெரியும், நகரம் கட்டத் தெரியாது என்கிறான் கூட வேலை பார்க்கும் நண்பன். மறுக்க வேண்டும்போல இருந்தது, ஆனால் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. நம் நகரங்களுக்குக் குணம் என்று ஒன்று உண்டா?

அன்புடன்
வி.
பெங்களூர்

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் நண்பருக்கு. 4500 வருடங்களுக்கு முன்பே மொகஞ்சதாரோவில் செங்கல் வைத்துச் சாக்கடை கட்டியிருக்கிறார்கள். அதே சிந்துவெளிக் காலத்துத் தோலாவிராவில் மழைத்தண்ணீரைத் தேக்கப் பெரிய பெரிய குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். 1727-ல் எழும்பிய ஜெய்ப்பூர் கட்டம் போட்டுக் கட்டிய நகரம். மதுரையில் கோவிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி, மாசி என்று மாதப் பெயரோடு தெருக்கள் விரிந்துகொண்டே போகின்றன. அவருக்கு இது போதும்.

உங்கள் கேள்வி இதைவிடக் கஷ்டமானது. ஜெர்மனியில் தேடாமலே கண்ணில் பட்ட அந்த நடு இடம் நம் ஊர்களில் ஏன் அகப்படுவதில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். நம் நகரங்களில் பெரும்பாலானவை ஒரே ஊராகப் பிறந்து வளர்ந்தவை கிடையாது. நாலைந்து ஊர்கள் அடுத்தடுத்துக் கிடந்து, இடையில் இருந்த வயலும் தோப்பும் வீடாகி, ஒரு கட்டத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அதனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் நடு தனியாக இருக்கிறது. ஒற்றை நடுவைத் தேடினால் கிடைக்காது.

நீங்கள் இருக்கும் பெங்களூரையே பாருங்கள். 1537-ல் கெம்பே கவுடா போட்ட கோட்டையும் பேட்டையும் ஒரு ஊர். அக்கிப்பேட்டையில் அரிசி, பளேபேட்டையில் வளையல், அரளேபேட்டையில் பஞ்சு என்று தெருவின் பெயரே சரக்கைச் சொல்லும். 1809-ல் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காக அமைத்த கண்டோன்மென்ட் இன்னொரு ஊர். மெட்ராஸ் பட்டாளத்தோடு போன நம் ஆட்கள்தான் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்றும் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. 1949-ல்தான் ஒன்றாக்கினார்கள். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கப்பன் பார்க். அடுத்த முறை அதைக் கடக்கும்போது இந்த ஞாபகத்தோடு கடந்து பாருங்கள். சென்னையும் அப்படித்தான். 1639-ல் கம்பெனிக்காரர்கள் மதராசபட்டினத்தில் மணல் திட்டை வாங்கியபோது மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் ஆயிரம் வயது தாண்டியிருந்தது.

சரி, நாகர்கோவிலுக்கு வருவோம். இந்த நகரத்தில் மூத்தது கோட்டாறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாண்டி நாட்டுச் சரக்கு உள்ளே வந்தால் முதலில் இறங்கும் பெரிய சந்தை அது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க அறிஞர் எழுதிவைத்த ‘கோட்டியாரா’ இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டில் ‘கோட்டாறான மும்முடிசோழநல்லூர்’ என்று வருகிறது. ஊரைப் பிடித்தவன் தன் பெயரை வைத்துப் பார்த்திருக்கிறான், ஜனங்கள் கோட்டாறு என்றே சொல்லிக்கொண்டிருந்துவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு.

சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டாறு கம்போளத்துக்கு, அதாவது சந்தைக்கு, போவேன். முனை திரும்பியதும் வற்றல் மிளகாய் நெடியில் தும்மல் வரும், நாலு கடை தாண்டினால் சுக்கு, அப்புறம் புளி. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடை வாசலில் நிற்கிறோம் என்று தெரியும். கருப்பட்டிக் கடையில் அப்பா ஒரு வட்டை எடுத்து இரண்டாக உடைப்பார். உடைந்த இடம் மங்கலாக இருந்தால் வாங்குவார். பளபளவென்று மின்னினால் சீனி கலந்தது என்று பேசாமல் திருப்பி வைத்துவிடுவார். கடைக்காரரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், அடுத்த ஓலைப்பெட்டியைத் திறப்பார்.

கோட்டாறை ஒட்டி இடலாக்குடி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். 1907-ல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டி சதாவதானி ஆனவர். இந்தப் பக்கம் வந்தால் நாகராஜா கோவில். நகரத்துக்குப் பெயர் கொடுத்தது. அந்தக் கோவில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில்கூட அங்கே சமணப் பண்டிதர்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கருவறை மண்ணைப் பிரசாதமாக வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அந்தத் தூண்களைப் பார்க்காமல் வந்தவர்கள்தான் அதிகம், நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் வந்தேன். அப்புறம் 1818-ல் மைலாடியிலிருந்து இங்கே வந்த லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் ஊர், அதன் பள்ளிக்கூடமும் ஹோம் சர்ச்சும், மிஷனரிப் பெண்கள் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலும். வடசேரி, நெசவும் கோவில் நகை வேலையும் உள்ள ஊர். இத்தனைக்கும் நடுவில் 1893-ல் ஒரு மணிக்கூண்டு, மணிமேடை என்பார்கள். வடசேரியில் இறங்கி மணிமேடை, மீனாட்சிபுரம் வழியாகக் கோட்டாறு போக நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் இத்தனை ஊர்.

இதை வெறும் அழகாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. தெருவுக்கு ஒரு தொழில் என்றால் தெருவுக்கு ஒரு சாதி என்றும் அர்த்தம். ஊரும் ஊரும் ஒட்டிய இடத்தில் வேலி இருந்தது. பக்கத்துச் சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் அப்போது எல்லோரும் நடக்க முடியாது. அதற்காக 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது, டாக்டர் எம்.இ. நாயுடு முன்னால் நின்றார். அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் ராஜா கோவில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது 1936 நவம்பர் 12-ல்.

என் பாட்டா பனையேறும் குடும்பம். சின்னப் பையனாகத் தலையில் கருப்பட்டிப் பெட்டியோடு அவர் அப்பா பின்னால் கோட்டாறுக்கு நடந்து வந்தவர். எந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போக வேண்டும் என்பதுதான் அவர் முதலில் படித்த பாடம். கடைசிக் காலம் வரை ஊரின் வரைபடம் அவர் மனசில் அப்படியே இருந்தது. “இங்கன நேரா போவாண்டாம் மக்கா” என்று கை தானாக நீளும், அப்புறம் அவருக்கே ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொள்வார்.

1938-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓடத் தொடங்கியது. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சாலை அதன் முதல் தடங்களில் ஒன்று. கோவில் திறந்து இரண்டு வருடத்துக்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. பாட்டாவுக்குக் கோவிலைவிடப் பஸ்தான் பெரிய விஷயம். “டிக்கெட்டு எடுத்தா ஸீட்டு நம்மளது. பக்கத்துல ஆரு இருந்தாலும் எழும்பாண்டாம்” என்பார். இறங்கிய பிறகும் டிக்கெட்டை வீசமாட்டார். நாலாக மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொள்வார். வயதான பிறகு நாகர்கோவிலுக்கு வந்தால் வேலை முடிந்தாலும் கிளம்பமாட்டார். பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால்தான் தம்பி, வடசேரி பஸ் ஸ்டாண்டை நீங்கள் அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. சதுக்கம் கேட்டீர்களே, எங்கள் சதுக்கம் அதுதான். இடலாக்குடிக்காரரும் வடசேரிக்காரரும் குளச்சலிலிருந்து மீன் கூடையோடு வந்த அக்காவும் தோவாளையிலிருந்து பூ கொண்டுவந்தவரும் ஒரே நிழலில் நிற்கிற இடம். அவரவர் தெருவில் இருந்த வரைக்கும் இவர்களுக்கு ஒரு பொது இடம் கிடையாது.

பேனர் விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. மணிமேடைப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளின் முகப்பை ஃப்ளெக்ஸ் மறைத்து நிற்கிறது. உள்ளே தேக்குத் தூண் இருக்கும், வெளியே பார்த்தால் ஜவுளிக்கடை விளம்பரம். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அந்தத் திண்ணைதான். அதை எதிர்த்துப் பேசுங்கள், எழுதுங்கள். ஆனால் அதற்கு அந்தப் பேனருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அது நடந்து பார்த்தால்தான் தெரியும்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே லீவு. ஊருக்கு வருவீர்கள்தானே? வந்தால் வடசேரியில் இறங்கி ஆட்டோ பிடிக்காதீர்கள். எனக்கு ஒரு போன் போடுங்கள், வந்துவிடுகிறேன். கோட்டாறு வரைக்கும் சேர்ந்து நடப்போம். கம்போளத்தில் இப்போதும் ஒரு கடையில் கருப்பட்டியை உடைத்துப் பார்க்க விடுகிறார்கள்.

அன்புடன்
அண்ணாச்சி