முளைக்காத பயறும் பாடம்தான்: தொடக்கப்பள்ளியில் செடிகளைக் கற்பித்தல் – கேள்வி பதில்

தொடக்கப்பள்ளி ஆசிரியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். செடிகளைப் பற்றிய பாடத்தைச் செய்து பார்த்தே கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, மூன்றாம் வகுப்பில் டம்ளரில் பச்சைப்பயறு போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். மூன்றாம் நாள் நாற்றம் எடுத்ததே தவிர, பயறு வளரவில்லை. பயறு பழையதா?

பழையதாகவும் இருக்கலாம், ஆனால் நாற்றம் எடுத்தது என்கிறீர்கள், ஆகவே நான் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்பேன். ஊறிய விதைக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும்; மூழ்கியே கிடந்தால் காற்றுப் போதாமல் அழுகிவிடும். வீட்டில் முளைகட்டும்போது ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுவது இதனால்தான்.

கெட்டுப்போன டம்ளரைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம், அதையே பாடமாக்குங்கள். ஒரு பழைய மர அளவுகோலில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று மொச்சைகளை நூலால் கட்டி, நடு மொச்சை பாதி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் நிறுத்துங்கள். எது முளைக்கும் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டுக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பெரும்பாலும் "தண்ணிக்குள்ளே இருக்கிறதுதான்" என்பார்கள். சில நாட்களில் நடு மொச்சை முளைவிடும்போது, தண்ணீரும் காற்றும் சேர்ந்தே வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிராது. விதை கொண்டுவரச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள்: யாராவது ஒரு பிள்ளை உடைத்த பாசிப்பருப்பைக் கொண்டுவரும். அதையும் தனியே ஊறவையுங்கள், அது ஏன் முளைக்காது என்பதும் நல்ல கேள்விதான்.

கேள்வி: வெயிலில் ஒன்றும் இருட்டறையில் ஒன்றுமாக இரண்டு தொட்டிகள் வைத்தோம். இருட்டில் இருந்ததுதான் உயரமாக வளர்ந்தது. "செடிக்கு இருட்டுதான் நல்லது" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். எப்படித் திருத்துவது?

அவர்கள் பார்த்தது சரி. வளர்ச்சி என்றால் உயரம் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. இதற்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. மதுரை, இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் அம்மன் திருவிழாவில் முளைப்பாரியைப் பார்த்திருப்பார்கள். ஓட்டிலோ சட்டியிலோ எரு பரப்பி, தானியங்களைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பதால் அந்தப் பயிர் வெளிர் மஞ்சளாக, ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்கும். ஒளியைத் தேடும் செடி, விதைக்குள் இருக்கும் உணவையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்துவிடுகிறது. பச்சையம் உண்டாக ஒளி இல்லாததால் பச்சை நிறமும் வருவதில்லை. விதையிலுள்ள சேமிப்பு தீர்ந்தபின் அது நிலைக்காது.

உயரத்தை மட்டும் அளக்காமல், இலை எத்தனை, என்ன நிறம், விரலால் லேசாகத் தட்டினால் நிமிர்கிறதா சாய்கிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு இருட்டுத் தொட்டியை இளவெயிலுக்குக் கொண்டுவாருங்கள். ஓரிரு நாளில் மஞ்சள் இலை பச்சையாவதைக் காணும் குழந்தை, தன் முடிவைத் தானே மாற்றிக்கொள்ளும். நாமாக மாற்றிவிட்டால் அது தேர்வு வரைக்கும்தான் நிற்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: தண்டு நீரை மேலே கடத்துவதைக் காட்ட, மஞ்சள் தூள் கரைத்த நீரில் வெள்ளைப் பூவை வைத்தேன். நிறம் மாறவே இல்லை.

மஞ்சள் தூள் நீரில் கரைவதில்லை, கலங்கித்தான் நிற்கிறது. அதனால் நிறம் தண்டுக்குள் ஏறுவதில்லை. நீரில் நன்றாகக் கரையும் சிவப்பு மையோ கேசரிப் பவுடரோ பயன்படுத்துங்கள். பூவைவிடக் காசித்தும்பை சிறந்தது, ஏனெனில் அதன் தண்டு ஏறத்தாழக் கண்ணாடி போன்றது. சில மணி நேரம் கழித்துத் தூக்கிப் பிடித்தால் சிவப்புக் கோடுகள் வெளியிலிருந்தே தெரியும். தண்டை நீங்களே பிளேடால் குறுக்கே வெட்டிக் காட்டினால் அவை சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

கேள்வி: இலையில் மாவுச்சத்து இருப்பதைக் காட்டும் சோதனையை நான்காம் வகுப்பில் செய்யலாமா?

வேண்டாம். அதற்கு இலையை ஆல்கஹாலில் சூடாக்க வேண்டும்; அது எளிதில் தீப்பற்றும். புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைத் தேநீர் நிறம் வரும்வரை நீர்த்து, உருளைக்கிழங்குத் துண்டிலும் சோற்றுப்பருக்கையிலும் வெங்காயத்திலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். முதல் இரண்டும் கருநீலமாகும், வெங்காயம் ஆகாது. சொட்டு விட்டதை யாரும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செடி மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்கிறாள் என் மகள். எப்படி விளக்குவது?

பெரியவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். வான் ஹெல்மான்ட் என்பவர் ஏறத்தாழ 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 77 கிலோ ஆயிற்று. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. இது 1648-இல் அச்சில் வந்தது. எடை முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றின் பங்கை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இதைக் கதையாகவே சொல்லி, "அப்படியானால் மரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். அவரும் தவறினார் என்பதையும் மறைக்காதீர்கள். குழந்தைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி: பள்ளியைச் சுற்றியுள்ள செடிகளைச் சேகரிக்கச் சொல்லலாமா? ஆபத்து உண்டா?

சொல்லலாம், ஆனால் முதல் நாள் நீங்கள் தனியாக ஒரு சுற்று நடந்து வாருங்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு ஆகியவை நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எண்ணிப் பழகக் குன்றிமணி வைத்திருக்கும் வகுப்புகளைக் கண்டிருக்கிறேன். மென்றால் உயிருக்கே ஆபத்தான அந்த விதைக்குப் பதிலாகப் புளியங்கொட்டையே போதும்.

ஆபத்தில்லாமல் வகுப்பையே குதிக்கவைக்க வேண்டுமானால், வேலியோரத்தில் ஊதாப் பூப் பூக்கும் பட்டாசுக்காய்ச் செடியைத் தேடுங்கள். காய்ந்த காய்களைத் தட்டில் பரப்பித் தண்ணீர் தெளித்தால், சிறிது நேரம் சும்மா கிடந்துவிட்டுப் படபடவென்று வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். முகத்தை மட்டும் தட்டின்மேல் குனியவிடாதீர்கள். விதை எவ்வளவு தூரம் போயிற்று என்று அடியெண்ணி அளக்கவிடுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவுகோல் படிக்கத் தெரியாது. செடியின் வளர்ச்சியை எப்படிப் பதிவு செய்வது?

நூல் போதும். நாள்தோறும் செடியின் அடியிலிருந்து நுனிவரை நூலைப் பிடித்து வெட்டி, ஒரு தாளில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். பத்து நாளில் ஒரு வரைபடம் தானாக உருவாகிவிடும். ஒரு நாள் நூல் முந்தைய நாளைவிடக் குட்டையாக இருந்தால் அதைத் திருத்த வேண்டாம், காரணம் கேளுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமியின் ஏழாம் நாள் நூல் ஒரு விரற்கடை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கேட்டபோது, தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் ஓர் ஆடு வரைந்திருந்தாள்.