பாதிப் பணம்தான் வந்தது, ஸ்டெம் கோப்புகளைக் கொடுக்கலாமா?

தம்பி, குறும்படத்துக்கு இசையமைக்கப் பேசிய 1,800 வெள்ளியில் பாதிதான் தந்தார்கள், இப்போது “காசு கொடுத்தோம், இசை எங்களுடையது” என்று ஸ்டெம் கோப்புகளையும் (ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் ஒலிக்கோப்புகள்) கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோப்புகளைத் தருவதாக நீங்கள் ஒப்புக்கொண்டிருக்காவிட்டால் அனுப்பாதீர்கள்.

நீங்கள் படக்குழுவின் சம்பள ஊழியர் இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மெட்டின் காப்புரிமை (காப்பிரைட்) உங்களுக்கே. நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். படத்தில் பயன்படுத்த அனுமதி வேறு, உரிமை வேறு. இது தெரியாமலே நம் பிள்ளைகள் எத்தனையோ நல்ல மெட்டுகளை விட்டுக்கொடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். சிங்கப்பூரில் 2021 காப்புரிமைச் சட்டம் வந்தபின் உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு.

ஒப்பந்தத்தாள் இல்லையே என்று பயப்படாதீர்கள். தொகை பேசிய வாட்ஸ்அப் செய்திகளே சாட்சி, தேதியோடு எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கெடு கொடுத்து, மரியாதையாக மின்னஞ்சல் அனுப்புங்கள். மசியவில்லையென்றால் சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது: 20,000 வெள்ளி வரையான வழக்கை 2 ஆண்டுக்குள் போட்டு, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான காம்பஸில் (COMPASS) உறுப்பினரா? இல்லையென்றால் சேர்ந்து இந்த மெட்டைப் பதிவு செய்யுங்கள். நாளை படம் தொலைக்காட்சியில் வந்தால் ராயல்டி உங்களைத் தேடி வர அதுதான் வழி.